சாட்சியும் படச்சுருளும்
ஆனந்த் பட்வர்தனின் திரைப்பணி குறித்துச் சில எண்ணங்கள்

திரைப்படத்தைப் பற்றி இறையியல் ஏடொன்றில் எழுதுவது தகுமா என ஐயுறுவோர் நம்மிடையே இன்றும் உளர். என் இளமையில் ஊர்க் கடைசியிலிருந்த கீற்றுக்கொட்டகையில் படம் ஓடும். சபையார் வீட்டுப் பிள்ளைகள் அங்குச் செல்லலாகாது என்பது எழுதாச் சட்டம். நாங்கள் சென்றோம் என்பது வேறு செய்தி. படம் தொடங்குமுன் அரசின் பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப்படம் ஒன்று கட்டாயமாகக் காட்டப்படும். அணை திறப்பு, உர மூட்டை, குடும்பக் கட்டுப்பாடு, கையசைக்கும் அமைச்சர் என்று அது நகரும். முறுக்கு வாங்கவும் பீடி பற்றவைக்கவும் மக்கள் வெளியே போவது அந்தப் பத்து நிமிடத்தில்தான். 1948இல் தொடங்கப்பெற்ற அத்துறை எடுத்த படங்களில் நல்லவையும் இல்லாமல் இல்லை. ஆயினும் ஆவணப்படம் என்றால் அரசு பேசும், மக்கள் கேட்டுக்கொண்டிருப்பர் என்பதே நம் தலைமுறையின் மனத்தில் பதிந்த பாடம். அந்தப் பாடத்தைத் தலைகீழாகத் திருப்பியவர்களுள் முதன்மையானவர் பம்பாயைச் சேர்ந்த ஆனந்த் பட்வர்தன் ஆவார்.

கோடை விடுமுறைப் பயிற்சிக்கென மாணவர் சிலருடன் காவிரிப் படுகையில் ஒரு சேகரத்தில் தங்கியிருந்தபொழுது, சேகர மன்றத்தில் மூன்று மாலைகள் படம் காட்டினோம். முதல் மாலை பட்வர்தனின் 'ராம் கே நாம்'. இரண்டாம் மாலை அவருடைய 'ஜெய் பீம் காம்ரேட்'. மூன்றாம் மாலை நம் தமிழ்ப் படமாகிய 'இராமையாவின் குடிசை'. முதலிரு படங்களுக்கும் ஒரு மாணவர் அருகில் நின்று தமிழில் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். இக்கட்டுரை அந்த மூன்று மாலைகளிலிருந்து பிறந்தது.

பட்வர்தன் 1950இல் பிறந்தவர். விடுதலைப் போராட்ட வீரர் அச்சுத் பட்வர்தன் இவருக்குப் பெரிய தந்தையார் முறை. அமெரிக்காவில் சமூகவியல் பயின்ற காலத்தில் சீசர் சாவேசின் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் தொண்டராகச் சில மாதங்கள் உழைத்தார். இந்தியா திரும்பி மத்தியப் பிரதேசத்தின் சிற்றூர்ப் பணி ஒன்றில் ஈடுபட்டார். திரைக்கலையைக் கற்றுவிட்டு மக்களிடம் போனவர் அல்லர் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். முதலில் மக்களிடம் போனார். போன இடத்தில் தேவைப்பட்ட கருவியாகப் படக்கருவி அவர் கைக்கு வந்தது. 1974இல் பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயணன் நடத்திய இயக்கத்தை இரவல் கருவியாலும் காலாவதியான சுருளாலும் படம்பிடித்தார். நெருக்கடி நிலை வந்தது. 'க்ராந்தி கீ தரங்கே' என்னும் அப்படம் துண்டு துண்டாக வெளிநாட்டிற்குக் கடத்தப்பெற்று அங்கே மீண்டும் ஒட்டப்பட்டது. நெருக்கடி நிலை நீங்கியபின் 1978இல் அரசியல் கைதிகளைப் பற்றி ஒரு படம் எடுத்தார். அதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: இந்திரா காந்தியின் காலத்துச் சிறைகளைக் காட்டியதோடு அவர் நிற்கவில்லை, அதற்கு முன்னும் பின்னும் சிறைகள் நிரம்பியே இருந்தன என்றும் காட்டினார். ஆட்சி மாறியதால் தன் சினம் தீர்ந்துவிட்டதாக அவர் எண்ணவில்லை. பின்னர்க் கனடாவில் பஞ்சாபிப் பண்ணைத் தொழிலாளர் சங்கம் கண்ட கதையை 1981இல் ஒரு படமாக்கினார். அதை நம் கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்க்குக் காட்டினால் நன்கு விளங்கிக்கொள்வர்.

இவையெல்லாம் முன்னுரை எனலாம். அவருடைய பணியின் நெஞ்சப்பகுதி 1985இல் வந்த 'ஹமாரா ஷஹர்' என்னும் படத்தில் தொடங்குகிறது. பம்பாயின் நடைபாதைகளிலும் சேரிகளிலும் வாழ்ந்தோரை மாநகராட்சி அப்புறப்படுத்திய காலம் அது. கட்டடத்தைக் கட்டியவர்களே அக்கட்டடத்தின் நிழலில் தங்கக்கூடாது என்று துரத்தப்படுகிறார்கள். ஒரு பக்கம் வசதி படைத்தோர் நகரின் அழகைப் பற்றிக் கவலைப்படுகின்றனர். மறுபக்கம் மழையில் குடிசை பிரிக்கப்படுகிறது. இவ்வளவில் படம் நின்றிருந்தால் நல்ல கண்டனப்படம் என்ற பெயர் அதற்குக் கிடைத்திருக்கும். மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. ஆனால் குடிசை இழந்த பெண் ஒருத்தி படக்குழுவை நோக்கித் திரும்புகிறாள். எங்களைப் படம்பிடித்து உங்களுக்குப் பேர் வரும், எங்களுக்கு என்ன வரும் என்னும் கருத்தில் அவள் சினந்து பேசுகிறாள். எந்த இயக்குநரும் வெட்டித் தள்ளியிருக்கக்கூடிய காட்சி. பட்வர்தன் அதை வெட்டவில்லை. தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் அச்சாட்சியத்தைத் தன் படத்திலேயே பதிந்து வைத்தார்.

ஆயர்களாகிய நாம் இக்காட்சியைக் கடந்துபோக முடியாது. நம் ஊழிய அறிக்கைகளின் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். குப்பத்துக் குழந்தை, கண் கலங்கிய கைம்பெண், கூரை பறந்த குடிசை. அப்படங்கள் கடல் கடந்து சென்று கட்டடங்களாகவும் வாகனங்களாகவும் திரும்பி வந்திருக்கின்றன. படத்திலிருந்த குழந்தைக்கு என்ன வந்தது என்று எவரேனும் கேட்டதுண்டா? கேட்கப்பட்டிருந்தால் அக்கேள்வியை அறிக்கையில் அச்சிட்டிருப்போமா? நானும் அத்தகைய அறிக்கைகள் எழுதியவன்தான்.

அப்பெண்ணின் கேள்விக்குப் பட்வர்தன் படத்தில் விடை கூறவில்லை. அப்படத்திற்குத் தேசிய விருது கிடைத்தது. 1986இல் குடிசைகள் மீண்டும் இடிக்கப்பட்டபொழுது நடிகை ஷபானா ஆஸ்மி முதலியோருடன் சேர்ந்து அவரும் உண்ணாநோன்பு இருந்தார். விருது பெற்ற படத்தின் இயக்குநர் படம் முடிந்தபின்னும் அவ்விடத்தை விட்டுப் போகாமல் உட்கார்ந்திருந்தார் என்பதே இதன் பொருள். கிரேக்கத் திருமறையில் சாட்சி என்பதற்கு வழங்கும் 'மார்த்துஸ்' என்னும் சொல் பின்னாளில் இரத்தசாட்சியைக் குறிக்கலாயிற்று என்பதை மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கிறார்கள். கண்டதைச் சொல்வதோடு சாட்சியின் கடன் முடிவதில்லை, சொன்ன சொல்லின் பக்கத்தில் நிற்கவும் வேண்டும் என்பது அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பட்வர்தனைத் துணிச்சல்காரர், கலகக்காரர், அரசைச் சீண்டுகிறவர் என்றெல்லாம் புகழ்வோரும் இகழ்வோரும் கூறுவர். சீண்டுதல் எளிது, இன்று அது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. அவரை நான் மதிப்பது சீண்டியபின் அங்கேயே தங்கியிருந்ததற்காக.

தணிக்கைத் துறையோடும் தூர்தர்ஷனோடும் அவர் நடத்திய வழக்குகளைச் சுருங்கச் சொல்லலாம். அரசு ஒரு கையால் விருது கொடுத்து மறு கையால் ஒளிபரப்பை மறுக்கும். அவர் நீதிமன்றம் செல்வார், ஆண்டுகள் கழியும், தீர்ப்பு வரும், படம் ஒளிபரப்பாகும். 1995இல் முடித்த ஒரு படத்தை ஒளிபரப்புமாறு உச்சநீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. அணுகுண்டுச் சோதனையைக் கண்டித்து 2002இல் எடுத்த 'ஜங் ஔர் அமன்' என்னும் படத்தில் பல வெட்டுகளைத் தணிக்கையாளர் கேட்டனர். ஒரு வெட்டுமின்றி வெளியிடலாம் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. லூக்கா பதினெட்டாம் அதிகாரத்துக் கைம்பெண் ஞாபகம் வருகிறாள். அவளுக்கும் சட்டத்தின்மேல் பெரிய நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை, போய்க்கொண்டேயிருந்தாள்.

இனி முதல் மாலைக்கு வருவோம். 'ராம் கே நாம்' 1992இல், பாபர் மசூதி இடிக்கப்படுவதற்கு முன்பே வெளிவந்த படம். 1990இல் சோமநாதத்திலிருந்து அயோத்தி நோக்கிப் புறப்பட்ட இரத யாத்திரையையும், அது சென்ற வழியெங்கும் மூண்ட பகையையும் அது பின்தொடர்கிறது. அப்படத்தின் உயிர் பூசாரி லால்தாஸ். நீதிமன்ற ஏற்பாட்டின்படி அங்கே பூசை செய்துவந்த அவர், இராமபக்தராகவே நின்று, இந்த இயக்கம் பணத்திற்கும் பதவிக்குமான ஆட்டம் என்று தயங்காமல் கூறுகிறார். 1993இல் அவர் கொல்லப்பட்டார். படத்தைப் பார்ப்போர் இதை அறிந்தே பார்ப்பதனால், அவர் அமைதியாகப் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் கனக்கிறது. பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா ஆமோசைத் துரத்தினான் என்று படிக்கிறோம். இங்கே கோவில் பூசாரியே ஆமோசாக நிற்கிறார். இறைவாக்கு எப்பொழுதும் வெளியிலிருந்துதான் வரும் என்று எண்ணுவோர்க்கு லால்தாஸ் ஒரு திருத்தம்.

சேகர மன்றத்தில் அன்று நல்ல கூட்டம். படம் முடிந்ததும் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் பிடிக்கவில்லை. ஏன் என்பதை விளக்க வேண்டும். படத்தில் இளைஞர் சிலரை இயக்குநர் வழிமறித்து, இராமர் எப்பொழுது பிறந்தார் என்று கேட்கிறார். அவர்கள் விழிக்கிறார்கள், ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், சட்டம் படிக்கும் மாணவருக்கும் தெரியவில்லை. மன்றத்தில் பெருஞ்சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களிடம், நம் ஆண்டவர் எந்த ஆண்டு எந்த மாதம் பிறந்தார் என்று கேட்டிருந்தால் அதே விழிப்பைத்தான் கண்டிருப்போம். திசம்பர் 25 என்பது திருச்சபை பிற்காலத்தில் வகுத்துக்கொண்ட நாள் என்பதை நம் மாணவர் அறிவர். நாள் தெரியாமை பக்தியின் குறை ஆகாது. அக்காட்சியில் பட்வர்தன் தன் கேள்வியைச் சற்று மலிவாக விற்றுவிட்டார் என்பது என் கருத்து. படத்தின் வலிமை அதில் இல்லை. அயோத்திக்கு அருகே வாழும் ஏழை எளியோர், இந்துக்களும் முஸ்லிம்களுமாக, தங்கள் வயல் வேலைக்கிடையே நிதானமாகப் பேசும் இடங்களில் இருக்கிறது.

ஆனால் குறை இயக்குநரோடு நிற்கவில்லை. பிறர் வீட்டுக் குற்றம் திரையில் விரியும்பொழுது நமக்கு ஒரு குளிர்ச்சி உண்டாகிறது. நாத்தான் தாவீதிடம் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னபொழுது தாவீதும் அப்படித்தான் கொதித்தெழுந்தான். அந்த மனிதன் யார் என்று அறியும்வரை அவனுடைய நீதியுணர்ச்சிக்கு ஒரு குறையும் இல்லை. நம் கல்லூரிகளில் பிற சமயத்தாரின் மதவெறி பற்றிய கருத்தரங்குகளுக்கு ஆள் சேருவது போல, நம் கல்லறைத் தோட்டங்களைப் பற்றிய கருத்தரங்குகளுக்குச் சேருவதில்லை.

இரண்டாம் மாலையின் 'ஜெய் பீம் காம்ரேட்' 2011இல் முடிக்கப்பெற்றது. மூன்று மணி நேரத்திற்கும் மேற்பட்ட நீளமுடையது. அதன் தோற்றத்தைச் சொன்னால் பட்வர்தனின் வாழ்க்கைப்பணி முழுவதும் விளங்கும். 'ஹமாரா ஷஹர்' படத்தில் விலாஸ் கோக்ரே என்னும் தலித் பாடகர் பாடியிருந்தார். குரல்வளமும் கவித்துவமும் உள்ளவர். இடதுசாரிக் கலைக்குழுவில் இயங்கியவர். 1997ஆம் ஆண்டு சூலை 11 அன்று பம்பாயின் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்கு யாரோ செருப்பு மாலை அணிவித்திருந்தனர். மக்கள் திரண்டனர். காவலர் சுட்டதில் பத்துப் பேர் மாண்டனர். அச்செய்தியைத் தாங்கமாட்டாமல் சில நாட்களில் கோக்ரே தூக்கிட்டுக்கொண்டார். செங்கொடிப் பாடகராக வாழ்ந்த அவர் சாகும்பொழுது தலையில் நீலத்துணியைக் கட்டியிருந்தார்.

நண்பரின் சாவிலிருந்து படக்கருவியை எடுத்த பட்வர்தன் பதினான்கு ஆண்டுகள் அதைக் கீழே வைக்கவில்லை. வழக்கு இழுத்தடிக்கப்படுவதையும், சுடுமாறு ஆணையிட்ட காவல் அதிகாரிக்கு 2009இல் ஆயுள்தண்டனை விதிக்கப்பட்டும் அவர் பிணையில் வெளிவருவதையும், தலித் தலைவர்கள் பழைய பகைவரோடு மேடையேறுவதையும், கயர்லாஞ்சியில் 2006இல் ஒரு குடும்பம் அழிக்கப்பட்டதையும் அது பதிவு செய்கிறது. அம்பேத்கர் நினைவுநாளுக்குக் கூடும் மக்களைப் பற்றி நாகரிக வட்டாரத்தார் முகம் சுளித்துக் கூறுவதையும் கேட்கிறோம். இவ்வளவு துயரத்திற்கு நடுவே படம் முழுவதும் பாட்டு. மராட்டியத்துத் தலித் மக்கள் தங்கள் வரலாற்றை நூலகத்தில் வைக்கவில்லை, பாட்டில் வைத்திருக்கிறார்கள். பிற்பகுதியில் கபீர் கலா மஞ்ச் இளைஞர்களும், அவர்களுள் சிறந்த பாடகியான ஷீத்தல் சாட்டேயும் வருகின்றனர். காவல்துறையின் தேடலுக்கு அஞ்சி அவர்கள் தலைமறைவாகும்பொழுது படம் முடிகிறது. 2013இல் அவர் தாமாக வெளிவந்து கைதானார். படத்தின் இயக்குநர் அவர்கள் சார்பாகக் குரல் கொடுத்து உடனிருந்தார்.

இப்படத்தில் பட்வர்தன் தன் சொந்த வீட்டாரையும் விட்டுவைக்கவில்லை என்பதே நமக்கு முக்கியமானது. கோக்ரேயை அவருடைய இடதுசாரித் தோழர்களே ஒரு காலத்தில் விலக்கி வைத்தனர்; சாதியின் காயத்தை அவர்கள் வர்க்கக் கணக்கில் எழுதிவிட்டனர். இதைச் சொல்ல இடதுசாரிச் சார்புள்ள ஒரு கலைஞருக்கு நேர்மை வேண்டும். 'ராம் கே நாம்' படத்தில் விரல் எதிரே நீண்டது. இங்கே அது திரும்பி வருகிறது. இதனால்தான் அவருடைய படங்களுள் இதையே தலையாயதாகக் கருதுகிறேன். 2018இல் வந்த 'விவேக்' நான்கு மணி நேரம் ஓடுவது. ஆம்ஸ்டர்டாம் விழாவில் பரிசு பெற்றது. பகுத்தறிவாளர் படுகொலைகளைப் பற்றி அஞ்சாமல் பேசுவது. இருந்தும் அதில் இயக்குநர் கேட்பதைவிட விளக்குவது அதிகம். எளிய மனிதர் ஏன் வழிபடுகிறார், எந்தக் குறையைத் தெய்வத்தின்முன் வைக்கிறார் என்று அறியும் பொறுமை குறைந்துவிட்டது. 2023இல் தன் பெற்றோரைப் பற்றி எடுத்த 'வசுதைவ குடும்பகம்' அந்தப் பொறுமையை மீட்டுக்கொண்ட கனிந்த படம்.

இரண்டாம் மாலை முடிவில் கைதட்டல் இல்லை. நேரமாயிற்று என்று பலர் நடுவிலேயே எழுந்து போயினர். எழுந்தவர்கள் எந்தத் தெருவினர், கடைசிவரை அமர்ந்திருந்தவர்கள் எந்தத் தெருவினர் என்பதை ஒரு மாணவர் எனக்குக் காதோடு சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும்.

மூன்றாம் மாலை. பட்வர்தனைப் போன்ற ஒருவர் நம் படுகையில் இருந்தாரா என்று கேட்டால், 1968இல் இல்லை என்பதே விடை. அவ்வாண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலிருந்த கீழ்வெண்மணியில், தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் இராமையா என்பவரின் சிறு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அறுவடைக் கூலியாகக் கூடுதல் நெல் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலகி நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் கொடியை ஏற்க மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம். அதே இரவில் மிராசுதார் தரப்பைச் சேர்ந்த ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டனர். தீவைப்பு வழக்கில் மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடு முதலானோர்க்கு 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இத்தனை நிலமுடைய பெரிய மனிதர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாமே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற முறையில் அத்தீர்ப்பு அமைந்தது. கண்ணால் கண்ட கூலிக்காரரின் சொல் எடையற்றுப் போயிற்று. 1980இல் நாயுடு பழிவாங்கும் முகமாகக் கொல்லப்பட்டார். மைதிலி சிவராமன் அத்தீர்ப்பை அப்பொழுதே ஆங்கில ஏட்டில் கடுமையாக ஆராய்ந்து எழுதினார். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவல் 1975இல் வந்தது. அது பண்ணையாரின் மனநோயை ஆராயப் புகுந்து கூலிக்காரரின் வயிற்றைச் சற்று மறந்துவிட்டது என்னும் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை.

எழுத்தாளரும் பேச்சாளருமான பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் எடுத்த 'இராமையாவின் குடிசை' வேறு வழியில் செல்கிறது. தீயிலிருந்து தப்பியவர்களையும் அக்காலத்தவர்களையும் தேடிச்சென்று அவர்களைப் பேச விடுகிறது. முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்துவிட்டன. இளைஞராக இருந்தோர் முதியோராகிவிட்டனர். நீதிமன்றம் எந்தச் சாட்சியத்தை ஏற்க மறுத்ததோ அதே சாட்சியம் மூப்படைந்த குரலில் மீண்டும் சொல்லப்படுகிறது. பட்வர்தனின் படங்களில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்பொழுதே படக்கருவி அங்கே நிற்கும். நம் படுகையில் படக்கருவி காலந்தாழ்ந்து வந்தது. கலைநயத்தில் இப்படத்தைப் பட்வர்தனின் படங்களோடு ஒப்பிடத் தேவையில்லை. இது ஒரு வாக்குமூலம். அதற்குரிய எளிமையோடு இருக்கிறது. வெண்மணி கூலிச் சண்டையா, சாதிக் கொடுமையா என்னும் பழைய வாதம் அன்றும் எழுந்தது. மூப்பர் ஒருவர் எழுந்து, இது கம்யூனிஸ்டுகளின் கூலித் தகராறு, சபைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். கூலி கேட்டவர் பல சாதியினராக இருந்த நாட்டில் எரிந்தவர் அனைவரும் ஏன் ஒரே தெருவினர் என்று மாணவர் ஒருவர் திருப்பிக் கேட்டார். மூப்பர் அமர்ந்துவிட்டார்.

தஞ்சைத் திருச்சபைக்கு இக்கேள்வி புதிதன்று. கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாதென்று ஆணை அனுப்பியபொழுது, அதை எதிர்த்து விலகி நின்றோர் தஞ்சையில் பலர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே நம் கீர்த்தனைகளின் தந்தையாகிய வேதநாயக சாஸ்திரியாரும் தனி இருக்கையின் பக்கம் நின்று எழுதினார். அவர் பாடல்களை நான் இன்றும் பாடுகிறேன். பாடும்பொழுது இதையும் மறப்பதில்லை. படம் காட்டிய அந்தச் சேகரத்தில் கல்லறைத் தோட்டம் இரண்டு. நடுவே ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்குக் காரணம் பாசனம் என்றார்கள்.

மன்றம் காலியானபின் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் பின் வரிசையில் அமர்ந்திருந்தார். எண்பதை நெருங்கியவர். 1968இல் அவர் இளைஞர்; படுகையின் வேறொரு சபையில் பாடகர் குழுவில் இருந்தவர். மெல்லச் சொன்னார்: "ஐயரே, அந்தக் கிறிஸ்துமஸ் புதன்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் செய்தி எங்கள் ஊர் முழுவதும் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஏரோது பெத்லகேம் குழந்தைகளைக் கொன்ற பகுதியை வாசித்தார்கள். ஐயர் அரைமணி நேரம் பிரசங்கம் செய்தார். ஏரோதைப் பற்றி நன்றாகச் சொன்னார். வெண்மணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்குப் போனோம்."

திருச்சபை நாட்காட்டியில் திசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகளின் நினைவுநாள். 1968இல் அது சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு. முதியவரின் ஞாபகம் சரியே.

அவர் அதன்பின் ஒருமுறையேனும் வெண்மணிக்குப் போயிருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்றார். ஒவ்வோராண்டும் திசம்பர் 25 காலை, ஆராதனை முடிந்து மக்கள் வெளியே வரும் வேளையில், செங்கொடி கட்டிய வண்டிகள் நினைவஞ்சலிக்காகக் கோவிலைக் கடந்து கிழக்கே போவதைப் பார்த்திருக்கிறாராம். அவர்கள் நம்மைப் பார்ப்பார்கள், நாம் அவர்களைப் பார்ப்போம் என்றார்.

மறுநாள் காலை வாடகை வண்டியொன்றில் உபதேசியாரையும் ஏற்றிக்கொண்டு மாணவர் நால்வரும் நானும் புறப்பட்டோம். கீழ்வேளூர் தாண்டித் தேவூர்ச் சாலையில் சென்றால் அதிக தூரமில்லை. கோடையாதலால் வயல்கள் தரிசாகக் கிடந்தன. நினைவிடத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. உபதேசியாருக்குக் கண்பார்வை மங்கல். ஒரு மாணவரை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொன்னார். நடுவில் ஒரு பெயரை மாணவர் தவறாக வாசித்துவிட்டார். முதியவர் அவரை நிறுத்தி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.